பேசிவ் ஆர்எஃப்ஐடி டேக்: மின்கலமில்லா வானலை வில்லை

'ரேடியோ ஃப்ரீக்வென்சி ஐடென்டிஃபிகேஷன்' என்பதன் சுருக்கம் ஆர்எஃப்ஐடி. ஒரு பொருளை வானலை வழியே இன்னதென்று அறிதல் என்பது இதன் பொருள். பொருளில் ஒட்டும் சிறு வில்லை (டேக்) தன் அடையாள எண்ணைச் சொல்லும்; அதைப் படிக்கும் கருவி படிப்பான் (ரீடர்). பெயரைவிடக் கருத்து மூத்தது. எதிரொளிக்கும் அலையைக் கொண்டே தகவல் அனுப்பலாம் என்று ஹாரி ஸ்டாக்மன் 1948இலேயே கட்டுரை எழுதிவிட்டார்.

'பேசிவ்' என்பதைச் 'செயலற்ற' என்று எழுதுவதே பெருவழக்கு. ஆனால் படிப்பவருக்கு அது பழுதான வில்லை என்றே படும். இதன் லத்தீன் வேருக்குப் 'பிறர் செயலுக்கு ஆட்படுதல்' என்று பொருள்; இங்கே நடப்பதும் அதுதான். வில்லைக்குள் இருக்கும் சில்லை (சிப்பை) இயக்கத் தேவையான சில மைக்ரோவாட் ஆற்றல் படிப்பான் அனுப்பும் அலையிலிருந்தே கிடைக்கிறது. வில்லை சொந்தமாக அலை எழுப்புவதில்லை. கண்ணாடியை ஆட்டி வெயிலைத் திருப்பிக் காட்டுவதுபோல, மின்மறுப்பை (மின்னோட்டத்துக்கான தடையை) மாற்றி மாற்றி, தன்மேல் பட்டுத் திரும்பும் அலையில் தன் எண்ணைப் பதிக்கிறது. இதுவே பின்சிதறல். ஆகவே 'மின்கலமில்லா வானலை வில்லை' என்பதே பொருத்தம். மின்கலத் துணையோடு பின்சிதறும் வில்லைகளும் உண்டு. அவற்றிலிருந்தும் இப்பெயர் இதைப் பிரித்துக் காட்டும்.

பின்சிதறல் முறை பெரும்பாலும் 860 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் இயங்கும். நல்ல சூழலில் பத்து மீட்டர் வரை எட்டும். 13.56 மெகாஹெர்ட்ஸ் வில்லைகள் காந்தப்புலத் தூண்டலால் இயங்குவதால் பெரும்பாலும் சில சென்டிமீட்டர்தான்.

வலையமைப்பில் கணுவாக (இணைப்புப் புள்ளியாக) இருப்பது படிப்பான்தான். வில்லைகள் தமக்குள் பேசிக்கொள்வதில்லை. ஒரே வில்லை ஒரு நொடியில் பலமுறை படிக்கப்படும்; அந்தப் பதிவுகளை வடிகட்டி 'வந்தது', 'போனது' என்று சுருக்கிய பிறகே தரவுத்தளத்துக்கு அனுப்ப வேண்டும். இருப்பிடம் என்று கிடைப்பதும் 'கடைசியாக இந்தப் படிப்பான் அருகே' என்ற அளவே.

உலோகத்தின்மேல் நேரடியாக ஒட்டினால் ஆன்டெனாவின் ஒத்திசைவு பிசகி வில்லை ஊமையாகிவிடும். சில மில்லிமீட்டர் நுரைப்பட்டையை இடையில் வையுங்கள், அல்லது உலோகத்துக்கென்றே செய்த வில்லையை வாங்குங்கள். பின்சிதறலுக்கான 860–960 மெகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் உறிஞ்சும். நீர் நிறைந்த புட்டியின் உடலைவிட மூடிப் பக்கமே மேல். வில்லையின் நுனி படிப்பானை நோக்கி நின்றாலும் படிக்காது. அதற்குப் படிப்பானின் இரண்டு ஆன்டெனாக்களை வேறுவேறு கோணங்களில் வைப்பதே நம்பகமான வழி. படிப்பானின் திறனைக் கூட்டிச் சரிசெய்யப் பார்த்தால் அடுத்த வாசலில் உள்ள பொருள்களும் பதிவாகிவிடும். எனவே குறைந்த திறனில் தொடங்கி, வேண்டிய வில்லைகள் எல்லாம் தவறாமல் படிக்கும் அளவு வந்ததும் நிறுத்திவிடுங்கள்.