பெயர் வேண்டாம், பார்த்ததைச் சொல்லுங்கள்

மார்ட்டின் ஸ்கோர்செசியின் ‘டாக்ஸி டிரைவர்’ (1976) படத்தில், நியூயார்க் விடுதி அறையொன்றில் கள்ளத் துப்பாக்கி வியாபாரி பெட்டியைத் திறந்து நான்கு துப்பாக்கிகளைக் காட்டுகிறான். ராபர்ட் டி நீரோ ஏற்ற டிராவிஸ் அவற்றைக் கையிலெடுத்துப் பார்க்கிறான். தடயவியல் ஆய்வகத்தின் துப்பாக்கிப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்கு இந்தக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுத்தான் போட்டுக் காட்டுவேன்.

வியாபாரி சொல்லும் பெயர்களில் இரண்டு தவறு என்பதே காரணம். நீண்ட குழல் கொண்ட .44 மேக்னம் ரிவால்வரும் குட்டைக் குழல் .38 ரிவால்வரும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தயாரிப்புகள், அவை சரி. (நடுவில் சுழலும் சிலிண்டரில் தோட்டாக்களை வைப்பது ரிவால்வர்; .44, .38 என்பவை குண்டின் தோராயமான விட்டம், அங்குலத்தில்.) ஜெர்மனியின் வால்தர் நிறுவனத் துப்பாக்கி என்று அவன் நீட்டுவதோ, அதன் சாயலில் ஸ்பெயினில் செய்யப்பட்ட அஸ்ட்ரா கான்ஸ்டபிள். அமெரிக்காவின் கோல்ட் நிறுவனத்து .25 என்று சொல்வது ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் .22 எஸ்கார்ட்.

உள்ளங்கையில் அடங்கும் அந்தக் கடைசித் துப்பாக்கியைப் படத்தில் பிரித்தறிவது கடினம். சுட்ட தோட்டாவின் வெற்று உறை கிடைத்தால் ஒரு நொடி போதும். .25 தோட்டாவில் சுடும் ஊசியின் குழி அடிப்பாகத்தின் நடுவில் விழும்; .22இல் விளிம்பில் விழும். குண்டும் பேசும். கோல்ட் .38 ரிவால்வர் குழலின் உட்புறத்தில் ஆறு வரிப்பள்ளங்கள் இடப்பக்கமாகச் சுழலும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன்.38இல் ஐந்து, வலப்பக்கமாக. குண்டின் மேல் அந்தக் கீறல்கள் அப்படியே பதிந்திருக்கும்.

ஒரு வழக்கில் சாட்சி ‘பிஸ்டல்’ என்று வாக்குமூலம் தந்திருந்தார். ஆய்வுக்கு வந்தது ரிவால்வர். அவர் பொய் சொல்லவில்லை; சினிமாவில் கேட்ட சொல்லைச் சொல்லிவிட்டார். குறுக்கு விசாரணையில் அந்த ஒரு சொல்லை வைத்தே அவரைக் கலங்கடித்தார்கள். எனக்கு இன்றும் அது வருத்தம்.

ஆகவே துப்பாக்கியைக் கண்ணால் பார்க்க நேர்ந்தால் பெயரைத் தேடாதீர்கள். நடுவில் உருண்டையான சிலிண்டர் இருந்ததா? குழல் விரல் நீளமா, சாண் நீளமா? சுட்டதும் ஏதாவது தெறித்து விழுந்ததா? ரிவால்வரில் வெற்று உறை உள்ளேயே தங்கிவிடும். பிஸ்டலில் வெளியே தெறிக்கும். இதைச் சொன்னால் மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

கீழே கிடக்கும் துப்பாக்கியைச் சினிமா அதிகாரியைப் போலக் குழலுக்குள் பேனாவை விட்டுத் தூக்கவும் வேண்டாம். உள்ளே படிந்த கரி உதிர்ந்துவிடும். துப்பாக்கியில் தோட்டா இருந்தால் உயிருக்கே ஆபத்து. தள்ளி நின்று, மற்றவர்களையும் தள்ளி நிறுத்தி, காவல்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.