கால் பொருந்திவிட்டது, தூக்கம் வரவில்லை: கடமையில் காயப்பட்ட மீட்புப் பணியாளருக்கு என்ன உரிமை?

வைத்தியசாலையில் துண்டு வெட்டி வீட்டுக்கு வரும்போது டயக்னோசிஸ் கார்ட்டில் (நோய்க் குறிப்பு அட்டையில்) ‘வலது கால் முறிவு’ என்று மட்டும் இருந்தால், அதற்குப் பிறகு எல்லா அலுவலகமும் உங்கள் காலை மட்டும்தான் கணக்கெடுக்கும். சைரன் கேட்டால் நெஞ்சு படபடப்பது, நடுச்சாமத்தில் திடுக்கிட்டு விழிப்பது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுவது எதுவும் கடதாசியில் ஏறாது. திருகோணமலையில் அம்புலன்ஸ், தீயணைப்பு வேலை செய்கிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

முதல் சில வாரங்கள் இப்படி இருப்பது இயல்பு. ஒரு மாதம் தாண்டியும் விடவில்லையா? மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநல கிளினிக்கைக் கேட்டுப் போங்கள். அரச வைத்தியசாலை, காசில்லை. விபத்து நடந்த திகதியையும் அது கடமையின்போது நடந்தது என்பதையும் குறிப்பில் எழுதச் சொல்லி டொக்டரிடம் கேளுங்கள். பார்மசித் தூக்க மாத்திரையோடு சமாளிப்பவர்கள் உண்டு. அது வைத்தியமும் இல்லை, பதிவும் இல்லை. நேரில் போக மனம் வராவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

சரி, லீவும் நட்டஈடும்? நியமனக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள். அரச ஊழியர் என்றால் அரச சேவையின் விதிப் புத்தகமான தாபன விதிக்கோவையில் விபத்து லீவு இருக்கிறது. நட்டஈட்டுக்கு 22/93 பொது நிர்வாகச் சுற்றறிக்கை. வைத்தியசாலைச் செலவுக்கு அக்ரஹார காப்புறுதி. பொலிஸாருக்கும் கடற்படைச் சுழியோடிகளுக்கும் ஏற்பாடு வேறு.

மற்றவர்களுக்கு 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 2022 திருத்தம் உச்சத் தொகையை 20 இலட்சம் ரூபாவாக்கியது. வேலைக்குப் போய் வரும் வழியில் நடக்கும் விபத்தையும் சேர்த்தது. சிக்கல் அட்டவணையில்தான். கை போனால் இத்தனை வீதம், கண் போனால் இத்தனை வீதம் என்று உறுப்புக் கணக்குப் போடும் அட்டவணை அது. பயத்துக்கு அதில் வரிசை இல்லை. ஆனால் அட்டவணையில் இல்லாத காயத்துக்கு, உழைக்கும் திறன் நிரந்தரமாக எவ்வளவு குறைந்தது என்று பார்த்து நட்டஈடு கணிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ‘இவரால் இனி அம்புலன்ஸில் வேலை செய்ய முடியாது’ என்ற மனநல வைத்தியரின் அறிக்கைக்கு அங்கேதான் பெறுமதி.

உடம்பில் கீறலே இல்லாதவர் பாடு இன்னும் கஷ்டம். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் படகு கவிழ்ந்ததுபோல ஒரு நாளில் பிள்ளைகளைத் தூக்கிக் கரைசேர்த்தவருக்கு கிளினிக் கதவு திறந்திருக்கிறது. நட்டஈட்டுக் கோப்பு எளிதில் நகராது. இது நியாயமாக எனக்குப் படவில்லை.

மேலதிகாரிக்கு உடனே எழுத்தில் அறிவியுங்கள், கூட இருந்தவர்களின் பெயரையும் சேர்த்து. வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் என்றால், நட்டஈட்டு ஆணையாளரிடம் கோரிக்கையை விபத்து நடந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். மனக்காயம் பிந்தித்தான் தெரியும் என்பதால் பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கிளினிக் குறிப்புகளுக்கு போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுங்கள். மூலப்பிரதி உங்கள் அலுமாரியிலேயே இருக்கட்டும்.