நட்டு கழல வேண்டும், மேசை நகரக் கூடாது

சைக்கிள் வேலையை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்குபவர்கள் முதலில் வாங்குவது ஸ்பேனர் செட்டைத்தான். மேசையைப் பற்றி யோசிப்பது கடைசியில். பிள்ளைகள் படித்து முடித்த கம்ப்யூட்டர் டேபிளோ, மாடியில் கிடக்கும் பிளாஸ்டிக் மேசையோ அந்த இடத்துக்கு வந்துவிடும். பஞ்சர் ஒட்ட அது போதும். துருவேறி இறுகிப்போன நட்டைக் கழற்றப் போனால்தான் கதை மாறும். ஸ்பேனரை நாம் இழுப்போம், நட்டு அசையாது, மேசை நம்மை நோக்கி வரும்.

நாம் 30 கிலோ எடைக்குச் சமமான விசையோடு இழுத்தால், அந்த விசை நட்டு வழியாக மேசைக்கும், மேசைக்கால் வழியாகத் தரைக்கும் போய்ச் சேர வேண்டும். வழியில் எது முதலில் விட்டுக்கொடுக்கிறதோ அது நகரும். அந்த இடம் நாம் கழற்ற நினைக்கும் மரையாக இருந்தால் வேலை முடிந்தது. பணிமேசை அமைப்பதில் உள்ள அறிவியல் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 15 கிலோ எடையுள்ள மேசை மொசைக் தரையில் நிற்கிறது. உராய்வுக் கெழு 0.4 என்று வைத்துக்கொண்டால், 6 கிலோ அளவுக்குத் தள்ளினாலே அது வழுக்க ஆரம்பிக்கும். அடித்தட்டில் 20 செங்கல்லை அடுக்கிப் பாருங்கள். கல்லுக்கு 3 கிலோ என்றால் மொத்தம் 75 கிலோ ஆகிறது, வழுக்க இப்போது 30 கிலோ விசை வேண்டும். செலவில்லாத வழி இது. வாடகை வீடு இல்லையென்றால் மேசையின் பின்பக்கத்தை எல்-ஆங்கிள் வைத்துச் சுவரோடு போல்ட் போட்டு முறுக்கிவிடலாம், அப்புறம் எடையைப் பற்றிய கவலையே இல்லை.

நகராத மேசையும் ஆடலாம். நான்கு கால், மேலே ஒரு பலகை என்று அடித்த மேசையைப் பக்கவாட்டில் தள்ளினால், செவ்வகம் சாய்ந்து இணைகரமாகப் பார்க்கும். மூலைகளில் இருக்கும் ஆணிகள்தான் அதைத் தடுக்க வேண்டும், ஆணிக்கு அந்தப் பலம் கிடையாது. மூலையிலிருந்து மூலைக்குச் சாய்வாக ஒரு சட்டம் அடித்தால் செவ்வகம் இரண்டு முக்கோணமாகிவிடும். பக்கங்களின் நீளம் மாறாமல் முக்கோணத்தின் வடிவத்தை மாற்றவே முடியாது. மெல்லிய குழாய்களால் ஆன சைக்கிள் ஃபிரேம் அத்தனை எடையைத் தாங்குவதும் அதே காரணத்தால்தான்.

மேல்பலகையின் கனத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஒரே மரம், ஒரே நீளம் என்றால், கனத்தை இரட்டித்தால் வளையாமை எட்டு மடங்காகும். 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒன்றோடொன்று ஒட்டித் திருகினால், ஒற்றைப் பலகையைவிட இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு உறுதி. ஒட்டாமல் வெறுமனே அடுக்கினால் இரண்டு மடங்கோடு நின்றுவிடும், ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிக்கொள்வதுதான் காரணம். என்னைக் கேட்டால், பழைய மரக்கடையில் கிடைக்கும் இடித்த வீட்டுக் கதவுக்கு ஈடே இல்லை. வேங்கைக் கதவு கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்.

அடுத்து வைஸ், அதாவது பொருளை இரண்டு இரும்புத் தாடைகளுக்கு நடுவே இறுக்கிப் பிடிக்கும் கருவி. நான்கு அங்குல வைஸ் வீட்டுக்குத் தாராளம். அதன் கைப்பிடியை மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளிப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் நம் கை ஏறத்தாழ 125 செ.மீ. பயணம் செய்கிறது. தாடை நகர்வதோ ஒரு மரை அளவுதான், 5 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். தூரத்தில் இழந்ததை விசையில் பெறுகிறோம், கணக்குப்படி 250 மடங்கு. உராய்வு அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சினால்கூட, 10 கிலோ கைவிசை தாடையில் அரை டன் பிடியாகிறது. தின்ற உராய்வைத் திட்ட வேண்டாம், கையை எடுத்த பிறகும் வைஸ் தானாகத் தளராமல் இருப்பது அதனால்தான்.

வைஸை மேசைக்காலுக்கு நேர் மேலே, அசையாத தாடை பலகை விளிம்பைத் தாண்டி ஒரு இழை வெளியே நிற்கும்படி மாட்டுங்கள். அப்போதுதான் நீளமான குழாயைச் செங்குத்தாகப் பிடிக்க முடியும். தாடையின் மேல்விளிம்பு நம் முழங்கை உயரத்தில் இருந்தால் அரம் போடும்போது தோள் வலிக்காது. மர ஸ்குரூ வேண்டாம், ஊடுருவும் போல்ட்டும் அடியில் பெரிய வாஷரும்தான் தாங்கும். சைக்கிள் ஃபிரேமை மட்டும் வைஸில் பிடித்துவிடாதீர்கள். அந்தக் குழாயின் சுவர் பல சைக்கிள்களில் 1 மி.மீ.க்கும் குறைவு, அரை டன்னுக்கு அது நசுங்கிப் போகும்.

வைஸின் அருமை தெரிய வேண்டுமானால், பின்வீலில் செயின் ஓடும் பல்சக்கரமான ஃப்ரீவீலைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நாம் மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் ஃப்ரீவீலை ஹப்பின் (வீலின் நடுக்குடத்தின்) மரைமேல் இன்னும் கொஞ்சம் இறுக்குகிறது. சில வருடம் ஓடிய வண்டியில் ஸ்பேனரும் சுத்தியலும் அதனிடம் தோற்றுவிடும். வழி என்னவென்றால், ஃப்ரீவீல் கழற்றும் கருவியை அதன் பள்ளத்தில் பொருத்தி, நழுவாதிருக்க அச்சு நட்டை லேசாகப் போட்டு, கருவியை வைஸில் கவ்வ வைத்துவிடுவது. இப்போது வீல் வைஸின் மேல் படுத்திருக்கும். ரிம்மை எதிரெதிர்ப் பக்கம் இரண்டு கையாலும் பிடித்து, மேலிருந்து பார்க்க இடஞ்சுழியாகத் திருப்ப வேண்டும். ஆரம் 30 செ.மீ.க்கு மேல். கைக்கு 20 கிலோ கொடுத்தாலும் 120 நியூட்டன் மீட்டருக்குக் குறையாத முறுக்குவிசை கிடைக்கிறது. வீலே ஸ்பேனராகிவிட்டது. ‘டக்’ என்று விட்டதும் நிறுத்தி அச்சு நட்டைத் தளர்த்துங்கள், இல்லையென்றால் கழன்று வரும் ஃப்ரீவீல் அதில் முட்டும். செங்கல் வைக்காத மேசை இந்த வேலையில் வீலோடு சேர்ந்து தானும் சுற்றும்.

சுத்தியல் வேலை வேறு ரகம். பழைய ரோட்ஸ்டர் வண்டியில் கிராங்கை (பெடல் மாட்டிய கையை) அச்சோடு பிணைக்கும் காட்டர் பின்னை அடித்து எடுக்கும்போது, அடியின் ஆற்றல் பின்னில் செலவாக வேண்டும். கிராங்குக்குக் கீழே ஒன்றும் இல்லையென்றால், அச்சு துள்ளி, அடி முழுவதும் உள்ளே இருக்கும் பால்ஸ் (இரும்புக் குண்டுகள்) வழியாக, அவை உருளும் கப்பில் இறங்கும். கப்பில் குழி விழும். பின் வளைந்துபோவதும் உண்டு. கிராங்குக்கு நேர் கீழே, பின் இறங்க இடம் விட்டு, தரை வரை ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, ஒரே பலத்த அடியாக அடித்தால் சுலபமாக வரும். பத்து மெல்லிய அடிகள் பின்னின் தலையைப் பூவாக விரித்துவிடும், அவ்வளவுதான். மேசைமேல் அடிக்கும் வேலைகளுக்குப் புளியமரக் கட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கறிக்கடையில் வெட்டுக்கட்டையாக இருப்பதும் அந்த மரம்தான். நார் பின்னிப் பின்னி ஓடுவதால் எளிதில் பிளக்காது.

இடமே இல்லாத பிளாட்டில் என்ன செய்வது? லோட்டஸ் எலான் காரை வடிவமைத்த ரான் ஹிக்மேன் இதற்கு ஒரு விடை சொன்னார். அவர் உருவாக்கிய ‘வொர்க்மேட்’ மடக்கு மேசையில் மேல்பலகை இரண்டாகப் பிரிந்து, அதுவே நீண்ட வைஸாகிறது. கீழே ஒரு படி, அதில் நாம் காலை வைத்து நின்றால் நம் எடையே செங்கல். முதலில் பல கம்பெனிகள் வேண்டாம் என்றன. 1970களின் தொடக்கத்தில் பிளாக் அண்ட் டெக்கர் தயாரிக்க ஆரம்பித்த பிறகு கோடிக்கணக்கில் விற்றது.

பட்டறை சின்னது என்று யாரும் தயங்க வேண்டியதும் இல்லை. அமெரிக்காவின் டேட்டன் நகரில் ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடையில் மெக்கானிக்காக இருந்த சார்லி டெய்லர், 1903இல் பறந்த விமானத்தின் எஞ்சினை ஆறு வாரத்தில் செய்து கொடுத்தார். கையில் இருந்தது ஒரு லேத், ஒரு டிரில் பிரஸ், கைக்கருவிகள். கிராங்க் ஷாஃப்டுக்காகத் தடித்த எஃகுத் துண்டில் கோடு வரைந்து, கோட்டை ஒட்டி வரிசையாக ஓட்டை போட்டு, வேண்டாததைச் சுத்தியலாலும் உளியாலும் தட்டி எடுத்து, மிச்சத்தை லேத்தில் கடைந்தார். அதற்கு முன், 1901இல் சகோதரர்கள் காற்றுச் சுரங்கத்தில் இறக்கைகளைச் சோதித்த தராசுகளும் சைக்கிள் போக்ஸ் கம்பியாலும் ரம்ப பிளேடாலும் ஆனவைதான்.

ஹப்பைப் பிரிக்கும் நாளில் பால்ஸ் உருண்டோடாமல் இருக்க ஒரு தந்திரம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தின்மேல் எவர்சில்வர் தட்டை வையுங்கள். காந்தம் ஒட்டாத ரகத் தட்டாக இருந்தால் நல்லது, காந்தப்புலம் அதைத் தடையில்லாமல் கடந்துபோய்ப் பால்ஸைப் பிடித்துக்கொள்ளும். திரும்பப் போடும் முன் துணியால் துடைத்துவிடுங்கள், லேசாகக் காந்தம் ஏறியிருந்தால் இரும்புத்தூளை இழுத்து வைத்திருக்கும்.

வீலின் கோட்டம் எடுக்கவும் வைஸ் உதவும். பழைய ஃபோர்க் ஒன்றைத் தலைகீழாக, மரத்துண்டுகளுக்கு இடையில் வைஸில் பிடித்து வீலை மாட்டினால் ஸ்டாண்ட் தயார். பின்வீலுக்கு ஃபோர்க்கைக் கொஞ்சம் விரிக்க வேண்டியிருக்கும். ரிம் இடப்பக்கம் ஒதுங்கும் இடத்தில் வலப்பக்கக் கம்பிகளை இறுக்க வேண்டும், இடப்பக்கத்தைத் தளர்த்த வேண்டும். எவ்வளவு? கம்பியின் ரிம் பக்க முனையில் இருக்கும் நிப்பிள் என்ற சின்ன நட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் கம்பி 0.45 மி.மீ. உள்ளே வருகிறது. 2 மி.மீ. கனமும் 30 செ.மீ. நீளமும் உள்ள எஃகுக் கம்பியை 100 கிலோ விசையில் இழுத்தால் அது நீள்வதும் ஏறக்குறைய அரை மி.மீ. தான். ரிம் சற்றும் அசையாது என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 100 கிலோ! நிஜத்தில் ரிம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். இருந்தாலும் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் போகாமலிருப்பது நல்லது.

கம்பியை விரலால் மீட்டிப் பார்த்தும் இறுக்கம் அறியலாம். அதிர்வெண் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு கம்பி ஷட்ஜம் என்றால், அதைப் போல இரண்டு மடங்கு இறுகிய கம்பி பிரதி மத்தியமத்தில் ஒலிக்கும், மேல் ஷட்ஜத்துக்கு நான்கு மடங்கு வேண்டும். ஆக, காதுக்குச் சின்னதாகத் தெரியும் வித்தியாசம் இழுவிசையில் பெரியது. ஒரே பக்கத்துக் கம்பிகளையே ஒப்பிடுங்கள், பின்வீலில் ஃப்ரீவீல் பக்கம் பெரும்பாலும் கூடுதல் இறுக்கமாக இருக்கும்.

நிப்பிளைத் திருகும்போது கம்பியும் கூடவே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். வண்டி ஓட்டிய முதல் சில மீட்டரில் ‘டிக் டிக்’ என்று கேட்பது அந்த முறுக்கு விடுபடும் சத்தம், அதோடு கோட்டமும் கொஞ்சம் திரும்பி வந்துவிடும். அதனால் தேவைக்குக் கொஞ்சம் கூடத் திருகி அந்தக் கூடுதலைத் திருப்பி விடுங்கள். பிறகு இணையாக ஓடும் கம்பிகளை இரண்டிரண்டாகக் கைக்குள் சேர்த்து நன்றாக அழுத்தி, வீலைச் சுற்றி இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு டயரை மாட்டலாம்.