"சவுண்டெக்ஸ் போட்டாச்சு" என்பவர்களுக்கு

மருத்துவமனைப் பதிவுகளில் ஒரே நோயாளி இரண்டு பேராக இருப்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்வது என் வேலை. போன வாரமும் ஒன்று வந்தது. ஒரே பெண், ஒரே பிறந்த தேதி, இரண்டு கோப்புகள். ஒன்றில் கௌசல்யாவுக்கு ஆங்கிலத்தில் கே, இன்னொன்றில் ஜி. கே கோப்பில் பென்சிலின் ஒவ்வாமை என்று சிவப்பில் இருக்கிறது. ஜி கோப்பில் அந்தக் கட்டம் காலி. ஊசி போடுமுன் நர்ஸ் வாய்விட்டுக் கேட்டதால் தப்பித்தார். மென்பொருள்காரர்களைக் கேட்டால் அதே பதில்: "சவுண்டெக்ஸ் போட்டிருக்கோமே சார்." அதாவது, ஒலி ஒத்த பெயர்களுக்கு ஒரே குறியீடு கொடுத்துத் தேடும் முறை.

கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

சவுண்டெக்ஸ், ராபர்ட் ரஸ்ஸல் 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிய முறை. ஸ்மித், ஸ்மைத் போன்ற குடும்பப் பெயர்களை ஒன்றாக அடுக்கப் பிறந்தது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், உயிரெழுத்துகளையும் ஹெச், டபிள்யூ, ஒய் மூன்றையும் விட்டுவிடும், மற்ற மெய்களை ஆறு கூட்டமாகப் பிரித்து, கூட்டத்தின் எண்ணை வைத்து மூன்று இலக்கம் எழுதும், குறைந்தால் பூஜ்யம் போடும். கே, ஜி இரண்டும் ஒரே கூட்டம்தான், ஆனால் பெயரின் நடுவே வந்தால் மட்டும். முதலில் வந்தால் எழுத்து எழுத்தாகவே நிற்கும். அதனால் ஒரு கௌசல்யா கே-240, இன்னொரு கௌசல்யா ஜி-240. நம் பெயர்களில் தகராறே முதல் எழுத்தில்தானே! தமிழில் இருப்பது ஒரே ககரம். அது ஆங்கிலத்தில் எதுவாகும் என்பது பள்ளியில் பெயர் எழுதிய வாத்தியார் கையில். கணேசன் சென்னையில் பெரும்பாலும் ஜி; யாழ்ப்பாணத்தில் கே-யும் உண்டு. இளங்கோவும் ஈஸ்வரியும் ஆங்கில 'ஈ'யிலும் வருவார்கள், 'ஐ'யிலும் வருவார்கள். எழிலின் ழகரத்துக்கு இசட்-ஹெச் போட்டால் சவுண்டெக்ஸ் அதை லகரத்தோடு சேர்க்காது, சகரத்தோடு கொண்டுபோய் வைக்கும்.

சேர்க்க வேண்டியதைப் பிரித்தது போதாதென்று, கண்ணனுக்கும் காமினிக்கும் ஒரே குறியீடு கொடுக்கும்: கே-550. நம்பிக்கை இல்லையென்றால் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

அடுத்த கட்சி எழுத்துத் தொலைவுக்காரர்கள். ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தை மாற்ற, சேர்க்க, நீக்க வேண்டும் என்ற கணக்கு. சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டெய்ன் 1965-இல் சொன்னது. நல்ல கருவி, தட்டச்சுப் பிழைக்கு. ஆங்கில எழுத்தில் ராஜனுக்கும் ராஜத்துக்கும் தொலைவு 1, ஐந்து எழுத்தில் ஒன்றுதான் வேறு, அதாவது 80 சதவீத ஒற்றுமை. நம் ஊர் லக்ஷ்மிக்கும் மலேசிய லெட்சுமிக்கும் தொலைவு 4, ஒற்றுமை 50 சதவீதம். ராஜன் தாத்தா, ராஜம் பாட்டி. லட்சுமி ஒரே ஆள். இந்தச் சதவீதத்தைப் பார்த்துத்தான் "80-உம் அதற்கு மேலும் வந்தால் தானாகச் சேர்த்துவிடு" என்று விதி எழுதுகிறார்கள். அது ஆள் ஒன்றா என்பதற்கான சதவீதமே அல்ல, ஐயா.

தமிழிலேயே பதிந்தால் தொல்லை விட்டது என்பவர்களுக்கு: கௌசல்யா, கெளசல்யா. உற்றுப் பாருங்கள். இரண்டாவதில் இருப்பது ளகரம். அதே போல 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்தாலும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், கணினிக்கு வேறு. பின்னதை யூனிகோட் சீராக்கம், அதாவது ஒரே எழுத்தை அடிக்கும் வெவ்வேறு வழிகளை ஒன்றாக்குவது, சரிசெய்யும். ளகரத்தைச் சரிசெய்யாது, அதற்கு நீங்கள்தான் விதி எழுத வேண்டும்.

எழுதுங்கள், பெரிய வேலை இல்லை. சீராக்கத்தை முதலில் செய்யுங்கள். முதல் எழுத்தையும் கூட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். ல-ள-ழ ஒன்று, ர-ற ஒன்று, ந-ன-ண ஒன்று என்று கருதித் தேடுங்கள், தேடுவதற்கு மட்டும். நோயாளி கொடுத்த எழுத்தைத் 'திருத்தி' சேமிக்காதீர்கள். அவர் அடையாள அட்டையில் அப்படித்தான் இருக்கிறது. இனிஷியலைத் தனிக் கட்டத்தில் வையுங்கள். கைபேசி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். வீடு முழுக்க ஒரே எண் கொடுப்பார்கள். சனவரி 1 பிறந்த தேதி என்றால் சந்தேகப்படுங்கள், தேதி தெரியாதபோது போட்டதாக இருக்கலாம்.

பெயர் ஒத்துப்போனால், 'இவர்களைப் பார்' என்று ஒரு பட்டியல் வரட்டும், அவ்வளவுதான். சேர்ப்பது மனிதர் வேலை. சேர்த்ததைப் பிரிக்கவும் வழி இருக்கட்டும். அடுத்தவரின் ரத்தப் பிரிவு ஒருவர் கோப்பில் ஏறிவிட்டால், இரட்டைப் பதிவைவிட அது மோசம்.

வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் தம்பி, தங்கைகளே, கூட்டம் நெரிக்கிறது, தெரியும். ஆனாலும் புதுக் கோப்பு திறக்குமுன் ஒரே ஒரு கேள்வி: "இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களாம்மா? அப்ப பேரை எப்படி எழுதினாங்க?"