தரிப்பிடம் வந்தும் வாய் திறக்காத பிள்ளை

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ். தரம் 10 படிக்கும் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வெள்ளவத்தையில் இறங்க வேண்டும். 'பஹினவா' (இறங்கப்போகிறேன்) என்ற ஒரே சிங்களச் சொல்லைப் பம்பலப்பிட்டியிலிருந்தே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வருகிறாள். தரிப்பிடம் வந்ததும் வாய் எழும்பவில்லை. தெகிவளையில் யாரோ இறங்க, அவர்களோடு தானும் இறங்கித் திரும்பி நடக்கிறாள். வீட்டில் கேட்டால், "நித்திரையாகிட்டன் அம்மா."

வெட்கம் என்று நாங்கள் விட்டுவிடுகிறோம். வெட்கம் பழகப் பழகக் குறையும். இப்படி நாளாந்த வாழ்க்கையையே மறித்தால் அது சமூகப் பதகளிப்பு. பெரும்பாலும் பதின்ம வயதின் தொடக்கத்தில் தலைகாட்டும். மற்றவர் மனதில் என்ன ஓடுகிறது என்று ஊகிக்கப் பிள்ளை பழகும் பருவம் அது. ஆனால் தன் மனதில் ஓடுவதுதான் எல்லோர் மனதிலும் ஓடுகிறது என்று நினைத்துவிடுகிறது. உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் இதற்குக் 'கற்பனைப் பார்வையாளர்' என்று பெயர் வைத்தார்.

பெரியவர்களுக்கும் இது முற்றாகப் போவதில்லை. 2000இல் வெளியான ஓர் ஆய்வில், கூச்சப்படவைக்கும் படம் போட்ட டீசேர்ட்டோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அங்கிருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர் படத்தைக் கவனித்திருப்பார்கள் என்று போனவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் கால்வாசிப் பேர்கூட இல்லை.

பதகளிப்பு ஏன் தானாக ஆறுவதில்லை? உளவியலாளர்கள் கிளார்க், வெல்ஸ் இருவரும் 1995இல் தந்த விளக்கம்தான் எனக்கு அதிகம் பொருந்துகிறது. பயம் வந்ததும் கவனம் உள்ளே திரும்புகிறது. நெஞ்சு படபடக்கிறது, முகம் சூடாகிறது. வெளியிலும் அப்படியே தெரிகிறேன் என்று மனம் முடிவுகட்டுகிறது. கொண்டக்டரின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. அவர் மிச்சக்காசு எண்ணிக்கொண்டிருக்கிறார்.

ஒத்திகை பார்ப்பது, காதில் இயர்போன் செருகுவது, பிறரோடு ஒட்டி இறங்குவது எல்லாம் அவளுடைய கேடயங்கள். அந்த நேரத்துக்கு ஆறுதல்தான். ஆனால் 'பேசியிருந்தால் சிரித்திருப்பார்கள்' என்ற நினைப்பு ஒருநாளும் சோதனைக்கு வருவதில்லை. இரவில் படுக்கையில் அதே காட்சி திரும்பத் திரும்ப ஓடும். பிறவிச் சுபாவம், வகுப்பில் பட்ட கேலி, சிங்கள உச்சரிப்பைப் பற்றிய கூச்சம் எல்லாம் இதற்கு எண்ணெய் ஊற்றும். கடையில் அவளுக்காக நாங்கள் முந்திக்கொண்டு பேசுவதும் அன்பால் தரும் ஒரு கேடயமே.

அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையில் கேடயங்களை ஒவ்வொன்றாகக் கீழே வைக்கப் பழக்குகிறார்கள். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு அழைக்கலாம். 'எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்' என்ற பயத்தை முதலில் கொப்பியில் எழுதிவைத்து, ஒத்திகை இல்லாமல், கொண்டக்டரின் முகத்தைப் பார்த்து அவள் ஒருமுறை 'பஹினவா' என்று சொல்ல வேண்டும். அவர் அனேகமாகத் திரும்பக்கூட மாட்டார். பஸ்ஸின் பக்கத்தில் தட்டுவார், பஸ் நிற்கும்.