முதல் ஐயாயிரம் ரிங்கிட்டை எதில் போடுவது?

கோலாலம்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் இளைஞர்களில் பலர், எந்த எக்சாஸ்ட் போடுவது என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் பட்டறைக்கே வருகிறார்கள். மாதத் தவணை, காப்புறுதி, சாலை வரி எல்லாம் போகக் கையில் மிஞ்சுவது நாலாயிரமோ ஐயாயிரமோ ரிங்கிட்தான். அதில் பெரும்பகுதி சத்தத்துக்கே போய்விட்டால், மழையில் வண்டியை நிறுத்த வேண்டிய டயருக்கும் மலை இறக்கத்தில் உயிரைக் காக்க வேண்டிய பிரேக்குக்கும் ஒன்றும் மிஞ்சுவதில்லை. செந்தூல் வட்டாரத்தில் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், அந்தப் பணத்தை எந்த வரிசையில் செலவழிக்க வேண்டும் என்பதை இங்கே சொல்ல விரும்புகிறேன். எங்களிடம் அதிகம் வருவது முதல் தலைமுறை டொயோட்டா 86 என்பதால் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். மற்ற வண்டிகளுக்கும் வரிசை பெரிதாக மாறாது.

2012இல் வெளிவந்த இந்த வண்டியில் சுபாரு தயாரித்த 2.0 லிட்டர் பாக்ஸர் இயந்திரம் இருக்கிறது. திறன் சுமார் 200 குதிரைத்திறன், முறுக்குவிசை 205 நியூட்டன் மீட்டர். ஆனால் இன்று கைமாறும் வண்டி அந்தப் புது வண்டி அன்று. பத்தாண்டு வெயிலைப் பார்த்த, மூட்டுகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள், எண்ணெய் கசியும் அப்சார்பர்கள், முந்தைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்றே தெரியாத கியர் எண்ணெய் ஆகியவற்றோடுதான் அது வந்து நிற்கிறது. வண்டியை மேலே தூக்கி, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் புஷ்ஷுக்குப் பக்கத்தில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். நல்ல புஷ் சற்றே நெகிழ்ந்து தன் இடத்துக்குத் திரும்பும். கிழிந்தது வாயைப் பிளக்கும். அந்த நிலையில் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை, செய்தாலும், கருவி காட்டும் எண் பட்டறைக்குள் மட்டும்தான் சரியாக இருக்கும். சாலையில் பிரேக்கை மிதித்த கணமே சக்கரத்தின் கோணம் மாறிவிடும். ஆகவே முதல் செலவு வண்டியைத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவருவதுதான். இதை மேம்பாடு என்று ஒப்புக்கொள்ளப் பலருக்கு மனம் வருவதில்லை. ஆனால் பழைய நிலையே தெரியாத வண்டியில் புதுப் பாகத்தைப் பூட்டினால், அது நல்லது செய்ததா கெட்டது செய்ததா என்று எதை வைத்துச் சொல்வது?

இந்த இயந்திரத்துக்கென்று தனியாகப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. 2012, 2013ஆம் ஆண்டுகளில் தயாரான இயந்திரங்களின் வால்வு ஸ்பிரிங்குகள் உடையக்கூடும் என்பதால், சுபாரு 2018இல் அவற்றைத் திரும்ப அழைத்தது. வாங்கப்போகும் வண்டி அந்த வரிசையில் வருகிறதா, வந்தால் வேலை முடிந்துவிட்டதா என்பதைச் சேசி எண்ணைக் கொடுத்து அதிகாரபூர்வ சேவை மையத்தில் கேட்டுக்கொள்வது, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.

அடுத்து பிரேக் எண்ணெய். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு வேறுபாட்டைத் தரும் பொருள் இந்த வண்டியில் வேறு கிடையாது. சாதாரண பிரேக் எண்ணெய் கிளைக்கால் வகையைச் சேர்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. நம் ஊர் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. டாட் 4 தரத்தின்படி புது எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும், அதில் 3.7 விழுக்காடு தண்ணீர் கலந்தபின், தரம் எதிர்பார்ப்பது 155 பாகைதான். கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது பிரேக் பேடை அழுத்திப் பிடிக்கும் காலிப்பரில் சேரும் வெப்பத்துக்கு அந்த 155ஐத் தாண்டுவது பெரிய காரியமில்லை. எண்ணெய் கொதித்தால் நீராவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், எண்ணெய் அமுங்காது. அதனால்தான் பெடல் தரைவரை போயும் வண்டி நிற்காமல் ஓடுகிறது. கீழே வந்து, பிரேக் ஆறிய பிறகு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றுவதால், பலர் அதை அப்படியே மறந்துவிடுகிறார்கள்.

மாற்றும்போது கவனித்தால் நிலைமை கண்ணுக்கே தெரியும். காலிப்பரில் எண்ணெயை வெளியேற்றும் நிப்பிளில் ஒளி ஊடுருவும் குழாயை மாட்டி, ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் நிப்பிளைத் திறந்தால், முதலில் வருவது பாலில்லாத தே ஓ தேநீரின் நிறத்தில் இருக்கும். இடையிடையே சிறு குமிழ்கள் ஓடும். பிறகு மெல்ல மெல்ல வெளிர் மஞ்சளாகும். நான்கு சக்கரங்களிலும் அந்த வெளிர் நிறம் வரும்வரை விடக்கூடாது. இரண்டாண்டுக்கு ஒருமுறை இதைச் செய்வது சாலை ஓட்டத்துக்குப் போதும். பந்தயத் தடத்துக்குப் போகிறவர்கள் போவதற்கு முன்பே மாற்றிக்கொள்ள வேண்டும். ஓர் எச்சரிக்கை: டாட் 5.1 கிளைக்கால் வகை, அதைப் பயன்படுத்தலாம். டாட் 5 என்பது சிலிகான் வகை, மற்றவற்றோடு கலக்கவே கூடாது. பெயரில் ஒரு புள்ளிதான் வித்தியாசம், கடையில் அவசரத்தில் வாங்குவோர் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

பிரேக் பேட் விஷயத்தில் மிக உயர்ந்ததை வாங்கினால் மிக நல்லது என்ற கணக்கு செல்லாது. பந்தயத்துக்கான பேட் சூடேறிய பிறகே நன்றாகப் பிடிக்கும். காலையில் வீட்டிலிருந்து கிளம்பி முதல் சமிக்ஞை விளக்கில் மிதிக்கும்போது அது குளிர்ந்துதான் இருக்கும். வேகமான சாலை ஓட்டத்துக்கென்று செய்யப்பட்ட நடுத்தரப் பேட்டே முதல் ஆண்டுக்குப் போதுமானது. பெரிய காலிப்பர் தொகுதி அழகாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் வண்டியை இறுதியில் நிறுத்துவது டயர் சாலையைப் பற்றும் பற்றுதான். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யுமளவுக்குச் சக்கரத்தைப் பழைய காலிப்பரே இறுக்கிவிடுகிறது என்றால், பெரிய காலிப்பர் அதற்கு மேல் என்ன செய்துவிடும்?

இனி டயர். மொத்தப் பணத்தில் பாதியை இதற்கே ஒதுக்கச் சொல்கிறேன். தொழிற்சாலையிலிருந்து 86 வந்தபோது அதில் இருந்தது 215/45 ஆர்17 அளவில் மிச்செலின் பிரைமசி எச்பி. எரிபொருள் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் வண்டிக்கும் போடப்பட்ட டயர் அது. பின்பக்கம் எளிதில் வழுக்கி விளையாட வேண்டும் என்பதற்காகவே டொயோட்டா பிடி குறைந்த டயரை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது. காய்ந்த மைதானத்தில் அது இனிமை. மாலை நான்கு மணி மழையில் எம்ஆர்ஆர்2 நெடுஞ்சாலை வளைவில் அப்படி இல்லை. ஆக, அதே அளவில் ஈரச் சாலையில் நன்றாகப் பிடிக்கும் நல்ல ஸ்போர்ட்ஸ் டயர் நான்கு போட்டால், பிரேக், ஸ்டியரிங், வளைவு என்று மூன்றிலும் வேறுபாடு ஒரே நாளில் தெரியும்.

டயரில் பள்ளம் இருக்கிறதே என்று வாதிடுவோரிடம், பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொல்வேன். 2217 என்றால் 2017ஆம் ஆண்டின் 22ஆவது வாரத்தில் வார்க்கப்பட்டது. வெயிலில் நின்றே காலத்தைக் கழித்த டயரில் ஆழம் குறையாமல் இருக்கலாம். ரப்பர் கெட்டிப்பட்டு நகத்தால் அழுத்தினாலும் தடம் பதியாது. சட்டம் கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 1.6 மில்லிமீட்டர், ஆனால் நம் ஊர் மழைக்கு மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போகும்போதே மாற்ற நினைக்க வேண்டும் என்பது என் கருத்து. பந்தயத் தடத்துக்கென்று செய்யப்பட்ட செமி ஸ்லிக் டயரோ, பள்ளம் குறைவு என்பதால், தேங்கிய தண்ணீரில் மிதக்கத் தொடங்கிவிடும். அகலமான டயரும் அந்த விஷயத்தில் கூடுதல் ஆபத்துதான்.

ஸ்போர்ட் ரிம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரிய, கனமான ரிம் வண்டியை மந்தமாக்கும். பேர்போன வடிவத்தைப் பார்த்து வார்த்த மலிவுப் போலி, சாலைக் குழியில் விழுந்தால் விரிசல் விடக்கூடும். ஜப்பானிய ரிம் தரத்தைக் குறிக்கும் ஜேடபிள்யூஎல் முத்திரை இல்லாத ரிம்மை வாங்காதீர்கள். முத்திரையையும் போலியாக வார்க்கிறார்கள் என்பதால் எங்கே வாங்குகிறோம் என்பதும் முக்கியம்.

அப்சார்பரும் தாழ்த்தலும் அடுத்த கட்டம். 86இன் முன்பக்கம் மெக்ஃபர்சன் வகை, அதாவது அப்சார்பரே சக்கரத்தை மேலே தாங்கிப் பிடிக்கும் அமைப்பு. அதிகம் தாழ்த்தினால் கீழ்க்கைகள் மேல்நோக்கிச் சாய்ந்து, வளைவில் வண்டி குறைவாகச் சாய்வதற்குப் பதில் கூடுதலாகவே சாயத் தூண்டப்படும். அடுக்குமாடி வாகன நிறுத்தத்தின் ஏற்றத்தில் அடிப்பகுதி உரசுவது வேறு. முதல் முயற்சியாக, புதிய தரமான அப்சார்பரும், சக்கரத்தின் சாய்வை மாற்ற உதவும் கேம்பர் போல்ட்டும் ஒரு நல்ல அலைன்மென்ட்டும் போதும். அலைன்மென்ட் செய்தவரிடம் முன்பின் எண்கள் உள்ள தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

குதிரைத்திறனைப் பற்றிப் பேசாமல் விட்டால் கோபித்துக்கொள்வார்கள். காற்று வெப்பம் சுமார் 3 பாகை கூடினால் அதன் அடர்த்தி ஏறத்தாழ ஒரு விழுக்காடு குறைகிறது. அப்படியிருக்க, மூடியில்லாத ஃபில்டரை இயந்திர அறையின் வெப்பத்துக்குள் வைத்துக் காற்றை இழுப்பது, கேட்கும் ஒலிக்குக் கொடுக்கும் விலையே தவிர வேறில்லை. இந்த இயந்திரத்தின் அழுத்த விகிதம் 12.5க்கு 1, உயர்ந்த ஆக்டேன் பெட்ரோலை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. மானிய விலை ரோன்95 ஊற்றினால், தட்டும் ஓசையைத் தவிர்க்கக் கணினி பற்றவைக்கும் நேரத்தைப் பின்தள்ளி, இருக்கும் திறனையும் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒரு மாதம் ரோன்97 ஊற்றிப் பார்ப்பதே மலிவான சோதனை. இயந்திரம் நிமிடத்துக்கு 3500க்கும் 4500க்கும் இடைப்பட்ட சுற்றுகளில் ஓடும்போது தெரியும் முறுக்குவிசைச் சரிவு உண்மையானதுதான். அதைச் சரிசெய்ய, இயந்திரத்திலிருந்து புகையை வெளியே கொண்டுவரும் குழாயான எக்ஸ்ட்ராக்டரோடு கணினி மாற்றமும் சேர்ந்தே வேண்டும். புகையைச் சுத்திகரிக்கும் தலைமைக் கேட்டலிஸ்ட் எக்ஸ்ட்ராக்டரிலேயே இருப்பதால், அதை நீக்கிவிட்டால் புகை நாற்றத்தோடு சட்டச் சிக்கலும் சேரும். டொயோட்டாவே அடுத்த தலைமுறையில் இயந்திரத்தை 2.4 லிட்டராக்கித்தான் இந்தக் குறையைத் தீர்த்தது. ஐயாயிரம் ரிங்கிட்டுக்குள் முடியும் கதை அன்று இது.

சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டிய மாற்றங்களுக்கு அனுமதி பெறுவதோடு, காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழியுண்டு. மிச்சமிருக்கும் பணத்தில் செப்பாங்கில் ஒரு தட நாளுக்குப் பெயர் கொடுக்கலாம். 5.543 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் தடத்தில், முதல் வளைவுக்கும் பதினைந்தாவது வளைவுக்கும் முன்னால் பிரேக்கை மிதிக்கும்போது, இதுவரை செய்த வேலை சரியா என்பதை வண்டியே சொல்லிவிடும். ஒரே நேரத்தில் பல பாகங்களை மாற்றினால் அந்தப் பதில் கிடைக்காது. ஒவ்வொன்றாக மாற்றி, சில வாரங்கள் ஓட்டிப் பார்த்து, பிறகே அடுத்ததைத் தொடுங்கள். கழற்றிய அசல் பாகங்களைப் பட்டறையிலேயே விட்டுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். உரிமை மாற்றத்துக்கான ஆய்வின்போதும், வண்டியை விற்கும்போதும் முதலில் கேட்கப்படுவது அவைதான்.