மடக்கை: ‘லாக்’ என்பதற்குத் தமிழ்

மடக்கை என்பது ஓர் அடுக்கு. அடிமானம் 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 8 வரும்? 3. ஆகவே, 2-ஐ அடிமானமாகக் கொண்டால் 8-இன் மடக்கை 3.

‘லாகரிதம்’ ஸ்காட்லாந்தின் ஜான் நேப்பியர் ஆக்கிய சொல். 1614-இல் அவர் வெளியிட்ட நூலின் வழியே பரவியது. கிரேக்கத்தில் லோகோஸ் என்றால் விகிதம், அரித்மோஸ் என்றால் எண். தமிழ்ச்சொல் அதன் நேர் மொழிபெயர்ப்பு அல்ல. மடங்கு, மடக்கு என்பவற்றின் இனம். செய்யுளில் வந்த எழுத்துத் தொடரே மீண்டும் வந்து வேறு பொருள் தந்தால் அதை மடக்கு அணி என்கிறோம். 2 × 2 × 2 என்று ஒரே எண் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்தப் பெயர் நன்றாகவே பொருந்துகிறது.

பொருள் மனத்தில் நின்றால் பிழைகளும் கண்ணில் படும். மடக்கை(8 + 8) என்பதை மடக்கை 8 + மடக்கை 8 என்று பிரிப்பவர்கள் நிறையப் பேர். அடிமானம் 2 என்றால் முதலாவது 4, இரண்டாவது 6. கூட்டலாகப் பிரிவது பெருக்கலின் மடக்கைதான்.

இன்னொரு பிழை இவ்வளவு எளிதில் சிக்காது. அடிமானம் 2, தெரியாத எண் க.

மடக்கை(க) + மடக்கை(க − 2) = 3

சேர்த்து எழுதினால் மடக்கை(க(க − 2)) = 3; அதாவது க(க − 2) = 2³ = 8. அப்புறம் இருபடிச் சமன்பாடு; க = 4 அல்லது −2. பலர் இரண்டையும் விடையாக எழுதிவிடுகிறார்கள். 2-ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினாலும் குறை எண் வராது. எனவே −2-க்கு மெய்யெண்களில் மடக்கை இல்லை. பிறகு எப்படி அது உள்ளே வந்தது? க = −2 என்றால் காரணிகள் −2, −4. தனித்தனியே இரண்டும் செல்லாதவை, ஆனால் பெருக்கினால் 8. மடக்கைகளைச் சேர்த்த வரியிலேயே குற்றம் மறைந்துவிடுகிறது. மடக்கைக்குள் இருக்கும் க, க − 2 இரண்டுமே 0-ஐவிடப் பெரியவையாக இருக்க வேண்டும். அதனால் முதல் வேலையாக ‘க > 2’ என்று ஓரத்தில் எழுதி வையுங்கள். விடை 4 மட்டும்.

சரி, குறை எண் என்றாலே அடித்துவிடலாமா? கூடாது. அடிமானம் 10-இல் மடக்கை(க²) = 2 என்றால் க² = 100; 10, −10 இரண்டுமே விடை. மடக்கைக்குள் இருப்பது க² என்பதால் −10-ஐ இட்டாலும் 100-தான் வரும். இதை அவசரப்பட்டு 2 மடக்கை(க) = 2 என்று மாற்றினால் −10 தொலைந்துபோகும். க-வின் குறி தெரியாதபோது 2 மடக்கை|க| என்று எழுதுவதே சரி; |க| என்பது குறியை நீக்கிய மதிப்பு.